சர்வதேச சுகாதாரத்தில் ஆய்வுவழிப் பட்டம்: கோலாலம்பூர், பினாங்கு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்துகொண்டு சர்வதேச சுகாதாரத் துறையில் ஆய்வுவழி முதுகலையோ முனைவர் பட்டமோ செய்ய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. தாதியர், மருந்தாளுநர், மருத்துவர், சமூகவியல் படித்தவர், புள்ளியியல் படித்தவர் என்று பலரும் கேட்பதால் எல்லாப் பதிலும் எல்லாருக்கும் பொருந்தாது. வேண்டாததைத் தாண்டிப் போகலாம்.

"சர்வதேச சுகாதாரம்" என்ற பெயரிலேயே பட்டம் கிடைக்குமா?

அந்தப் பெயரை வைத்துத் தேடினால் மலேசியாவில் பெரிதாக ஒன்றும் சிக்காது. இங்கே இந்த வகை ஆய்வுகள் பொதுச் சுகாதாரம், சமூக மருத்துவம், மருந்தகவியல், வெப்பமண்டல நோய்கள், சமூக அறிவியல் ஆகிய துறைகளில் பிரிந்து கிடக்கின்றன. சான்றிதழில் பட்டத்தின் பெயரும் புலத்தின் பெயரும்தான் இருக்கும். உங்கள் துறை எது என்று சொல்வது ஆய்வேட்டின் தலைப்பு.

ஓர் ஆய்வு சர்வதேச சுகாதாரத்தில் சேருமா என்பதற்கு, அது எல்லை தாண்டும் விஷயமா என்பதே சோதனை. 1998-99இல் நிப்பா வைரஸ் பேராக்கின் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டுக் வட்டாரத்துக்குப் போனது. நாட்டில் 265 பேருக்கு மூளை அழற்சி, 105 பேர் இறந்தார்கள். ஏற்றுமதியான பன்றிகள் வழியாக சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களையும் அது தொட்டது. விலங்கு, வணிகம், தொழிலாளர் என்று மூன்று கதவுகளாலும் அந்த ஆய்வுக்குள் நுழையலாம். மருந்து விலையும் அப்படித்தான். கல்லீரல் அழற்சி சி-க்கான சோஃபோஸ்புவிர் மருந்துக்கு மலேசியா 2017இல் அரசாங்கப் பயன்பாட்டு உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே மலிவான பிரதியை அரசாங்கம் பயன்படுத்தும் அனுமதி) பிறப்பித்தது; அதே நோய்க்கான ராவிடாஸ்விர் மருந்தை 2021இல் பதிவு செய்தது. இதைப் பற்றி ஆராய மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

ஆய்வு முறை, கலப்பு முறை, பாட முறை: எதில் சேர்வது?

ஆய்வு முறையில் மதிப்பீடு முழுக்க ஆய்வேட்டின் மேல்தான். ஆய்வு முறையியல் வகுப்பு ஒன்றிரண்டு கட்டாயமாக இருக்கலாம், ஆனால் அவை பட்டத்தைத் தீர்மானிக்காது. கலப்பு முறையில் பாடமும் ஆய்வேடும் பங்கு போட்டுக்கொள்ளும். பாட முறையில் கடைசியில் ஒரு சிறு திட்ட அறிக்கை வரும், அவ்வளவே.

புள்ளியியலும், நோய் பரவும் விதத்தை ஆராயும் தொற்றியலும் முறையாகப் படிக்காதவர் நேரே ஆய்வு முறைக்குப் போனால் முதல் ஆண்டு முழுக்க தனியாக உட்கார்ந்து அடிப்படையைக் கற்பதிலேயே கரையும். அவர்களுக்குக் கலப்பு முறை நல்லது. பிறகு முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் பாட முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசியுங்கள். ஆய்வேடு எழுதிப் பழகாதவரை ஏற்க மேற்பார்வையாளர்கள் தயங்குவார்கள்.

மருத்துவர்களுக்குத் தனியாக ஒன்று. பொதுச் சுகாதார மருத்துவ நிபுணர் ஆவதற்கு இங்கே வழக்கமான பாதை எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை), அதன் பிறகு டி.ஆர்.பி.எச். (அதே துறையில் தொழில்சார் முனைவர் பட்டம்). பிஎச்.டி. வாங்கினால் நீங்கள் முனைவர், ஆனால் அதனாலேயே நிபுணர் பதிவு கிடைத்துவிடாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. நிபுணர் பதிவுதான் வேண்டும் என்றால், விண்ணப்பிக்கும் முன் மலேசிய மருத்துவ மன்றத்தின் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

சேர்வதற்கு என்ன தகுதி?

முதுகலைக்கு இளங்கலையில் சராசரிப் புள்ளி 4.00க்கு 2.75 இருந்தால் போதும். 2.50க்கும் 2.75க்கும் இடையில் இருந்தால் பல்கலைக்கழகம் உள் மதிப்பீடு செய்து எடுக்கலாம். முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக முதுகலை வேண்டும். ஆய்வு முதுகலையில் சேர்ந்து, வேலை நன்றாகப் போனால் நடுவிலேயே முனைவர் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் பல இடங்களில் உண்டு. மாற்றத்துக்கான கடைசித் தவணை எது என்பதைச் சேரும்போதே கேட்டு வையுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதலில் கேள்வி, இரண்டாவது அதற்கான தரவு எங்கே இருக்கிறது, மூன்றாவது அந்தத் தரவை எட்டக்கூடிய மேற்பார்வையாளர் யார். இந்த மூன்றும் தெரிந்தால் பல்கலைக்கழகம் தானாகவே முடிவாகிவிடும்.

ஆனாலும் யார் எங்கே என்று தெரிந்திருப்பது நல்லது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமும், செராஸில் யு.கே.எம். எனப்படும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமும் இதில் நெடுநாள் அனுபவம் உள்ளவை. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் உலகச் சுகாதார நிறுவனமும் செராஸ் யு.கே.எம். மருத்துவமனை வளாகத்தில்தான் அமைந்தது. கொள்கை ஆய்வில் ஆர்வம் இருப்பவர்கள் அங்கு நடக்கும் கருத்தரங்குகளைத் தவற விடக்கூடாது. சன்வேயில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம், ஜொகூரின் சிகாமட்டில் பல ஆண்டுகளாக ஒரே மக்கள் தொகையைப் பின்தொடரும் களத்தை வைத்திருக்கிறது. நீண்டகால நோய்களைப் பற்றிய கேள்வி என்றால் அந்தத் தரவு பெரிய வரம்.

பினாங்கில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. யு.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில்தானே என்று எண்ணி விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் அதன் மருத்துவப் பள்ளியும் சமூக மருத்துவத் துறையும் கிளந்தானில் கோத்தா பாரு அருகே குபாங் கெரியானில் இருக்கின்றன. கெலுகோரின் மின்டன் வளாகத்தில் இருப்பவை மருந்தகவியல் புலம், மருந்து ஆய்வு மையம், சமூக அறிவியல் புலம் முதலியவை. மருத்துவ, பல் மருத்துவ உயர்கல்விக் கழகம் கப்பளா பத்தாஸ் அருகே பெர்த்தாமில், பாலத்துக்கு அந்தப் பக்கம். விண்ணப்பத்தில் எந்த வளாகம் என்று எழுதியிருக்கிறது என்பதை இரண்டு முறை பாருங்கள். இல்லையென்றால் ஜார்ஜ்டவுனில் வீடு வாடகைக்கு எடுத்துவிட்டு கோத்தா பாருவுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

பினாங்கின் உண்மையான பலம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். மருந்துக் காப்புரிமை, வணிக ஒப்பந்தம் பற்றி எழுதிவரும் தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒருங்கிணைக்கும் வாபா, பூச்சிக்கொல்லிகளை எதிர்த்து இயங்கும் பான் அமைப்பின் ஆசிய அலுவலகம், மீனும் சத்துணவும் பற்றி ஆராயும் வேர்ல்ட்ஃபிஷ் தலைமையகம் எல்லாம் இந்தச் சின்ன மாநிலத்தில்தான். பழைய ஆவணங்களையும் பேட்டி கொடுக்கக்கூடிய ஆட்களையும் தேடுகிற கொள்கை ஆய்வாளருக்கு இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கடினம்.

மேற்பார்வையாளருக்கு எப்படி எழுதுவது?

"தங்களின் கீழ் ஆய்வு செய்ய விரும்புகிறேன்" என்ற ஒற்றை வரியை இருபது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். ஒரே பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: உங்கள் கேள்வி ஒரு வாக்கியத்தில், அவருடைய எந்தக் கட்டுரையிலிருந்து அது கிளம்புகிறது, தரவு எங்கிருந்து வரும், செலவுக்கு என்ன வழி. கல்விச் சான்றையும் சுயவிவரத்தையும் இணையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது சங்கடப்படாமல் கேட்க வேண்டியவை: இப்போது எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், போன ஐந்து ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள், ஆய்வு மானியம் எப்போது முடிகிறது, பணி ஒப்பந்தம் எதுவரை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பணி ஓய்வு வயது 60. 58 வயதுப் பேராசிரியரிடம் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்கிறவர், இளையவர் ஒருவரையும் இணை மேற்பார்வையாளராக முதல் நாளிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

தலைப்பை எவ்வளவு சுருக்க வேண்டும்?

"மலேசியாவில் புலம்பெயர் தொழிலாளர்களின் சுகாதாரம்" என்பது ஒரு நூலகத்தின் அலமாரி, ஆய்வுத் தலைப்பு ஆகாது. "பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை விடுதிகளில் தங்கியுள்ள நேப்பாளத் தொழிலாளர்கள் இருமல் நீடித்தால் முதலில் எங்கே போகிறார்கள், ஏன்?" என்பது தலைப்பு. இடம், ஆள், நோய், நடத்தை நான்கும் அதில் இருக்கின்றன.

இப்படிச் சுருக்கியதும் உண்மையான சிக்கல் கண்ணில் படும். விடுதிக்குள் போக முதலாளியின் அனுமதி வேண்டும். முதலாளி வழியாக ஆள் சேர்த்தால், மறுத்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று தொழிலாளி பயப்படுவார். தானாக முன்வந்த சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. நெறிமுறைக் குழு முதலில் கேட்பது இதைத்தான். தொழிற்சாலை மேற்பார்வையாளர் யாரும் இல்லாத விடுமுறை நாளில், விடுதிக்கு வெளியே, அவர்கள் வழக்கமாகக் கூடும் இடத்தில் சந்திப்பது என்று திட்டத்திலேயே எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆவணமில்லாதவர்கள் இருக்கக்கூடும் என்றால் பெயரும் கையெழுத்தும் வாங்காமல் வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி கேளுங்கள். கையெழுத்துப் போட்ட தாளே அவர்களுக்கு எதிரான சான்றாகலாம்.

சொந்தமாகத் தரவு திரட்டாமல் செய்ய முடியுமா?

முடியும், பல நேரம் அதுவே புத்திசாலித்தனம். தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வு 1986 முதல் நடக்கிறது. பொதுச் சுகாதாரக் கழகத்திடம் முறைப்படி விண்ணப்பித்தால் மூலத்தரவில் உங்களுக்குத் தேவையான மாறிகள் (வயது, எடை போன்ற தகவல்கள்) கிடைக்க வாய்ப்புண்டு. 2019 சுற்றில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஒன்று கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கேள்விகள் கேட்கப்படுவதில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் வினாப்படிவத்தைப் படித்துவிடுங்கள்.

பிற நாடுகளோடு ஒப்பிடுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. மலேசியா, பல நாடுகளில் ஒரே மாதிரி வினாப்படிவத்தோடு நடந்த டி.எச்.எஸ். எனும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் பங்கெடுத்ததில்லை, எனவே நேப்பாளம், வங்காளதேசம், கம்போடியாவோடு அந்தத் தரவில் நேரடியாக ஒப்பிட முடியாது. அடுத்தது, உலகச் சுகாதார நிறுவனத்தின் வட்டாரப் பிரிப்பு. மலேசியா மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் தென்கிழக்காசிய வட்டாரத்தில். "தென்கிழக்காசிய சராசரி" என்று பதிவிறக்கி மலேசியாவோடு ஒப்பிட்டால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாவது, உலக நோய்ச்சுமை மதிப்பீடுகள். அவற்றில் பல எண்கள் கணித மாதிரியிலிருந்து வந்தவை. மாதிரிக்குள் போட்ட காரணியையே நீங்கள் திரும்பவும் "காரணம்" என்று கண்டுபிடித்தால் அது வட்டத்தில் சுற்றுவது.

நெறிமுறை அனுமதி: எங்கே, எப்படி, எவ்வளவு நாள்?

சுகாதார அமைச்சின் மருத்துவமனை, கிளினிக், ஊழியர், நோயாளி, பதிவேடு எதைத் தொட்டாலும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது என்.எம்.ஆர்.ஆர். தளத்தில் பதிய வேண்டும், அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவான எம்.ஆர்.இ.சி. அனுமதிக்க வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் அதன் சொந்தக் குழு. பல மாணவர்களுக்கு இரண்டும் தேவைப்படும்.

வேலை நடக்கும் வரிசை இது. ஆய்வாளர் ஒவ்வொருவரும் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளர் தகவல் தாள், சம்மதப் படிவம், வினாப்படிவம், சுயவிவரங்கள் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ஆய்வு நடக்கும் இடத்தின் துறைத் தலைவரும் இயக்குநரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கிளினிக்குகள் என்றால் மாவட்ட, மாநிலச் சுகாதார அலுவலகம் வரை போகும். மருந்துச் சோதனை என்றால், அதை முறையாக நடத்துவதற்கான ஜி.சி.பி. பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

கால அட்டவணையில் இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். குழு தாமதிப்பதைவிட, நம் கோப்பு திரும்பி வருவதால்தான் நாள் போகிறது. திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் அறிவியல் குறை என்று நினைக்க வேண்டாம். திட்டத்தில் "பதிப்பு 2, மார்ச்" என்றும் சம்மதப் படிவத்தில் "பதிப்பு 1, ஜனவரி" என்றும் இருப்பது. ஆங்கிலத் தாளில் 30 நிமிடம் என்றும் தமிழ்த் தாளில் 20 நிமிடம் என்றும் இருப்பது. திட்டத்தில் 400 பேர், தளத்தின் படிவத்தில் 380 பேர் என்று இருப்பது. இப்படிச் சில்லறைக் காரணங்கள்தான். எல்லாத் தாளின் அடியிலும் ஒரே பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன் வேறொருவரை உட்காரவைத்து எண்களை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

அமைச்சில் பணிபுரியும் ஒருவர் இணை ஆய்வாளராக இருந்தால் பாதி வழி கடந்த மாதிரி. அவர் இல்லாமல் கிளினிக் படியேறினால் "யார் உங்களை அனுப்பினார்கள்?" என்பதில் தொடங்கி அங்கேயே முடியும்.

அனுமதி ஓராண்டுக்குத்தான். முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்; காலாவதியான பிறகு திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாது. அனுமதிக்கு முன் திரட்டியதற்கும் அதே கதி, பின்தேதியிட்டு யாரும் அனுமதி தரமாட்டார்கள். பூர்வகுடிக் கிராமங்களில் ஆய்வு என்றால் பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜகோவாவின் அனுமதி தனியாக வேண்டும்.

எத்தனை பேரிடம் தரவு திரட்ட வேண்டும்?

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். ஒரு நிலைமை மக்களில் 30 விழுக்காட்டினரிடம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். 5 விழுக்காடு முன்பின் துல்லியம் வேண்டும், நம்பிக்கை அளவு 95 விழுக்காடு. 95 விழுக்காட்டு நம்பிக்கைக்குரிய எண்ணான 1.96ஐ 1.96ஆல் பெருக்கி, 0.3ஆலும் 0.7ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கமான 0.0025ஆல் வகுத்தால் 322.7, அதாவது 323 பேர்.

இருபது விழுக்காட்டினர் மறுப்பார்கள் என்றால் பலரும் 323ஐ 1.2ஆல் பெருக்கி 388 என்று எழுதுகிறார்கள். 388இல் இருபது விழுக்காடு போனால் மிஞ்சுவது 310தான், போதாது. 323ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்: 404. அடுக்குமாடிகளையோ தோட்டங்களையோ கொத்தாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே இடத்து ஆட்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பதால், அதை ஈடுகட்டும் வடிவமைப்பு விளைவு என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அது 1.5 என்றால் 323 என்பது 485 ஆகும், 0.8ஆல் வகுத்தால் 607. ஆய்வுத் திட்டத்தில் 388 என்று எழுதிவிட்டு களத்தில் கொத்து முறையில் எடுத்தவர்கள்தான் பகுப்பாய்வில் நம்பிக்கை இடைவெளி விரிந்துபோவதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

வினாப்படிவத்தைத் தமிழில் கொண்டுவருவது எப்படி?

முதலில் அந்தக் கருவியின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஏற்கெனவே தமிழாக்கம் இருந்தாலும் அப்படியே எடுத்துவிடாதீர்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பத்துப் பேரையாவது வாய்விட்டு யோசித்துக்கொண்டே பதில் சொல்ல வையுங்கள். "கடந்த ஏழு நாளில்" என்றால் எந்தக் கிழமையிலிருந்து எண்ணுகிறார்கள், "உடற்பயிற்சி" என்றால் தோட்ட வேலையைச் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்டுவது என்றால், சம்மதம் வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பேட்டிகளைத் தமிழிலேயே பகுப்பாய்வு செய்யலாமா?

செய்யலாம், செய்வதுதான் நல்லது. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்றால் இன்னும் கூடும். எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கி அதன் பிறகு குறியிட (ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கருத்தைச் சொல்லும் தலைப்பு இட) தொடங்கினால் நேரமும் போகும், பேசியவரின் தொனியும் போகும். தமிழில் குறியிட்டு, ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் மொழிபெயருங்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் இரண்டு மூன்று பேட்டிகளை முழுசாக மொழிபெயர்த்துக் கொடுத்து உங்கள் குறியீட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

மேற்பார்வையாளரின் மானியத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்வதே நடைமுறையில் எளிய வழி. அடிப்படை ஆய்வுக்கு அரசாங்கம் தரும் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற மானியங்களில் அதற்கு இடம் உண்டு. ஆனால் மானியம் முடிந்ததும் சம்பளமும் நிற்கும், உங்கள் ஆய்வேடு அதற்காகக் காத்திருக்காது. அரசாங்க ஊழியர்கள் எச்.எல்.பி. எனும் கூட்டரசுப் பயிற்சி உபகாரச்சம்பளத்துக்கு முயலலாம், அதில் பிணைக்காலம் (படிப்புக்குப் பிறகு கட்டாயமாகப் பணியாற்ற வேண்டிய காலம்) உண்டு. சேமநிதியில் கல்விக்காக எடுக்கும் வசதி 2024 மே முதல் செஜாத்ரா கணக்கில் இருக்கிறது. சொந்தப் பணத்தில் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு முதுகலை, முனைவர் பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சீவ்னிங் உபகாரச்சம்பளம் ஓராண்டுப் பாட முதுகலைக்குத்தான், முனைவர் பட்டத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

கட்டணத்தைத் தவிர மறந்துபோகும் செலவுகள்: மொழிபெயர்ப்பு, களப் பயணம், பங்கேற்பாளருக்கான போக்குவரத்துப் படி, ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், இதழ்களின் வெளியீட்டுக் கட்டணம். பகுப்பாய்வு மென்பொருளுக்குச் செலவழிக்காதீர்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

பகுதிநேரமாகப் பதிந்தால் முடியும். முழுநேர முதுகலை இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் மூன்று முதல் நான்கு ஆண்டு என்று வைத்துக்கொண்டு பகுதிநேரத்துக்கு அதைப் போல் ஒன்றரை மடங்காவது ஒதுக்குங்கள். களப்பணிக் காலத்தில் மட்டுமாவது தொடர்ந்து மூன்று மாத விடுப்பு வாங்க முடியுமா என்று முதலாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். சனி, ஞாயிறு மட்டும் களத்துக்குப் போனால் அந்த நாளில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே உங்கள் ஆய்வில் வருவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து சேரலாமா?

சேரலாம். மாணவர் விசா, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கையாளும் இ.எம்.ஜி.எஸ். வழியாக நடக்கும். விசா அனுமதிக் கடிதம் வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். வந்து இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை உண்டு. மாணவர் அட்டை வேலை அனுமதி ஆகாது. மலாய் தெரியாதவர்கள் கிளினிக் களப்பணிக்கு உள்ளூர்க் கூட்டாளி ஒருவரை ஆய்வுத் திட்டத்திலேயே பெயர் சொல்லிச் சேர்த்துவிட வேண்டும்.

கட்டுரை வெளியிட வேண்டுமா? வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள்?

பல பல்கலைக்கழகங்கள் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயன்ஸ் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை கேட்கின்றன. எண்ணிக்கை புலத்துக்குப் புலம் மாறும், சேர்ந்த ஆண்டின் கையேடுதான் உங்களுக்குப் பொருந்தும். அமைச்சின் தரவு என்றால் இதழுக்கு அனுப்பும் முன் சுகாதாரத் தலைமை இயக்குநரின் வெளியீட்டு அனுமதி வேண்டும். மலேசியக் கட்டுரைகளின் நன்றியுரையில் அவருக்கு நன்றி சொல்லும் வரி வருவது அதனால்தான். இதற்குச் சில வாரங்கள் ஆகும். சமர்ப்பிக்கும் வாரத்தில் ஞாபகம் வந்தால் ஒரு தவணைக் கட்டணம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

வாய்மொழித் தேர்வில் உள், வெளித் தேர்வாளர்கள் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்துவிட்டு வருவார்கள். ஏன் இந்த இடம், ஏன் இந்த எண்ணிக்கை, மறுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள், இந்த முடிவு மலேசியாவுக்கு வெளியே எங்கே பொருந்தும் என்பவை ஏறக்குறைய உறுதி. மறுத்தவர்களின் வயது, பால், இடம் ஆகியவற்றைக் களத்திலேயே பெயரில்லாமல் ஒரு தாளில் குறித்து வைத்தவர்கள் மூன்றாவது கேள்விக்கு அட்டவணையைக் காட்டுவார்கள். குறிக்காதவர்களுக்கு அதை அப்புறம் உருவாக்க வழியே இல்லை. திருத்தங்கள் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் என்று அட்டவணை போட்டு ஒப்படையுங்கள். ஏற்காத திருத்தம் இருந்தால் காரணத்தை அதே அட்டவணையில் எழுதுங்கள், தேர்வாளர்கள் அதற்குக் கோபிப்பதில்லை.